சகலமானவர்களுக்கும் சாராள் அறிவிப்பது

சாராள் மேலக்கழனியை விட்டுப் போனது 1952-ஆம் வருடம், காணும் பொங்கலுக்கு மறுநாள், வியாழக்கிழமை. ஒன்பது மணி பஸ்ஸில் போனாள் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது பொய். பஸ் வரும்வரை அந்த ஊரில் நிற்க அவளுக்குப் பொறுமை இல்லை. செங்கல்பட்டு வரை ஏழு மைலும் நடந்துதான் போனாள். கையில் ஒரு துணிப்பை. காலில் செருப்பு கிடையாது. வயது பதினெட்டு.

அன்று காலை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சாராள் சொல்லிக் கேட்டேன், அவள் அப்பா தேவசகாயம் சொல்லியும் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒரே ஒரு இடத்தில்தான் மாறுகிறது.

மேலக்கழனியில் ஊர் தனி, சேரி தனி. நடுவே முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல். தேவசகாயம் குடும்பத்துக்குத் தண்டோரா வேலை. நாட்டாண்மை சடையப்பன் சொல்லுகிற செய்தியைப் பறை அடித்து எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும். ஏரி மதகு திறக்கிற நாள், திருவிழாக் கூட்டம், காணாமல் போன மாடு, எல்லாம் அவர்கள் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அதற்கு ஈடாக முப்பது சென்ட் நிலத்தைப் பயிர் வைத்துச் சாப்பிடலாம். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து இரண்டு தலைமுறை ஆகியும் இந்த வேலை மட்டும் அவர்களை விடவில்லை.

சேரிக்குள் தெருத்தெருவாக நடந்து சொல்லலாம். ஊருக்குள், மேலத்தெருவில், கால் வைக்கக் கூடாது. எல்லைக்கல் பக்கத்தில் நின்று, கடைசி வீடு வரை கேட்கும்படி கத்த வேண்டும். தேவசகாயத்துக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல் போனபோது சாராளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அவர் அடிப்பார், அவள் சொல்லுவாள்.

முறை மாறவே கூடாது. முதலில் மூன்று அடி. பிறகு ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அமைதி. அதன் பிறகு, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கி, இன்னாருடைய உத்தரவு என்று பெயர் சொல்லி, செய்தியைச் சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி மூன்று அடி. அந்தக் கடைசி மூன்று அடி விழுந்தால்தான் செய்தி செல்லும். விழாவிட்டால் அது வெறும் கூச்சல், யாரையும் கட்டுப்படுத்தாது. சொல்லுகிறவர் பெயர் முதலிலும் வராது, கடைசியிலும் வராது.

1951 கடைசியில் சர்க்கார் செலவில் ஊருக்கும் சேரிக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டினார்கள். பொங்கலுக்குச் சேரிப் பெண்கள் அதில் தண்ணீர் எடுத்தார்கள். காணும் பொங்கலன்று மாலை சடையப்பன் தேவசகாயத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய் தேவசாயம், நாளைக்குக் காலையில ஒரு தண்டோரா போடு. சேரி ஆளுங்க புதுக் கெணத்துல எறங்கக் கூடாது. தண்ணி சேந்துனா அபராதம்னு சொல்லு."

"சரிங்க" என்றார் தேவசகாயம். வேறு எதுவும் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் காலை எல்லைக்கல் பக்கத்தில் நின்று மூன்று அடி அடித்தார். மேலத்தெருப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். சாராள் மூச்சு இழுத்தாள்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்னியோட தேவசகாயம் குடும்பம் தண்டோரா வேலைய வுட்டுடுச்சி. இனிமே நாட்டாமைக்கு எதுனா சொல்லணும்னா அவரே வந்து கத்திக்கலாம். கெணத்த பத்தி இன்னாவோ சொல்லச் சொன்னாரு. அத நான் சொல்ல மாட்டேன்."

தெருவில் யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி பளிச்சென்று சிரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். எந்த வீட்டுப் பெண் என்று சாராள் பார்க்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால் தேவசகாயம் அப்போது பறையில் இன்னும் மூன்று அடி அடித்தார்.

இந்த இடத்தில்தான் இருவர் கதையும் பிரிகிறது.

"பழக்க தோஷம்மா" என்று தேவசகாயம் என்னிடம் சொன்னார். "பொண்ணு சொல்லி முடிச்சதும் கை தானா அடிச்சிடுச்சி. நான் இன்னா பண்றது?"

"அதெல்லாம் தெரிஞ்சிதான் அடிச்சாரு" என்றாள் சாராள். "மூணும் எப்பவும் விட அழுத்தமா வுழுந்தது."

எப்படியோ, மூன்று அடி விழுந்துவிட்டது. செய்தி செல்லுபடியாகிவிட்டது. சடையப்பன் முப்பது சென்ட் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஊரில் யாரும் தேவசகாயத்தைக் கூலிக்குக் கூப்பிடவில்லை. அவர் கடலோரம் திருவிடந்தைப் பக்கம் சவுக்குத் தோப்பில் மரம் வெட்டப் போனார். சாராள் செங்கல்பட்டில் எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள்.

கடை என் அத்தாவுடையது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். நூர்முகமது மைக் செட். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது, சினிமாக் கொட்டகைக்குக் குதிரை ஜட்காவில் மைக் வைத்து விளம்பரம் சொல்லுவது, இதுதான் தொழில். அன்று நான் கடையில் இருந்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. அத்தாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன்.

"இன்னா வேணும்?" என்றார் அத்தா.

"வேலை வேணும் பாய்."

"இன்னா வேலை தெரியும்?"

"சொல்லத் தெரியும்."

"எல்லாருக்குந்தான் சொல்லத் தெரியும். இன்னா சொல்லுவ?"

"நீங்க சொல்றத ஊருக்கே கேக்கற மாரி சொல்லுவேன்."

"அதுக்குத்தான் மைக்கு கீதே, புள்ள."

"பேட்டரி தீந்துபூட்டா?"

அத்தா என்னைப் பார்த்தார். அந்த மாதம் மட்டும் இரண்டு கல்யாணத்தில் பாதியில் பேட்டரி தீர்ந்து, பெண் வீட்டாரிடம் வசவு வாங்கியிருந்தார். "தோ, அந்தக் கோடியில மாட்டு வண்டி நிக்குது பாரு. அவன இங்கேருந்து கூப்புடு" என்றார்.

சாராள் வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. கத்தவும் இல்லை. ஒரு மூச்சு இழுத்தாள், நிறுத்தினாள், "வண்டிக்காரரே" என்றாள். வண்டிக்காரன் மட்டும் இல்லை, மாடும் திரும்பிப் பார்த்தது என்று அத்தா இன்றைக்கும் சத்தியம் செய்வார். மாட்டை நான் கவனிக்கவில்லை.

அப்படித்தான் சாராள் மைக் பிடித்தாள். ஜட்காவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, மடியில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியை வைத்துக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வரை, சில நாள் மகாபலிபுரம் வரை, படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவாள். ஆரம்பத்தில் ஆட்சேபம் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா அத்தாவிடம், "இன்னா பாய், பொம்பளக் கொரலாக் கீது" என்று முகத்தைச் சுளித்தார்.

"கொரலுக்கு மீசை வெக்கணுமா, அண்ணாத்த?" என்றார் அத்தா. அந்தச் சித்தப்பா கடைசிப் பந்தி வரை இருந்து அவள் மொய் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

எல்லா விளம்பரத்தையும், "ஒலிபெருக்கி உதவி, நூர்முகமது மைக் செட், செங்கல்பட்டு" என்று முடிக்க வேண்டும். ஒரு நாள் கடையில் கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டே சாராள் கேட்டாள்.

"பாய், படத்துல நடிச்சவங்க பேரு சொல்றேன். கொட்டாய் பேரு சொல்றேன். உங்க பேரு சொல்றேன். என் பேரு எங்க?"

"உன் பேரு எதுக்கு? உன் கொரல்தான் எல்லாருக்கும் தெரியுதே."

"கொரலு ஆறு வருசமா எங்க ஊரு மேலத்தெருவுக்குள்ள போயி வந்துகினு இருந்தது, பாய். நாட்டாமை பேர சொமந்துகினு போச்சி. என் காலு அங்க போனதில்ல. என் பேரும் போனதில்ல. ஒரு தடவ அந்தத் தெருவுல என் பேரு கேக்கணும். என் வாயால கேக்கணும். அது வரைக்கும் இந்த மைக்க வுட மாட்டேன்."

எனக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை. அதே வருடக் கடைசியில் நான் சின்னம்மா குடும்பத்தோடு பினாங்குக்குக் கப்பல் ஏறிவிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியாத ஜென்மம் நான். பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று ஆறு வருடத்துக்கு மேல் ஓடிற்று. இடையில் நடந்ததையெல்லாம் அத்தாவின் கடிதங்களிலும், திரும்பி வந்த பிறகு சாராள் வாயிலும் தெரிந்துகொண்டேன்.

1953-இல் அவள் ஜட்காவை மேலக்கழனிக்கே விட்டாள். அத்தாவிடம் சொல்லாமல்தான். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் சடையப்பன் ஆட்கள் குதிரையைப் பிடித்து நிறுத்தினார்கள். குழாயைக் கழற்றி ஏரிக்கரையில் எறிந்தார்கள். படத்தின் பெயரைச் சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது. மறுநாள் அத்தா போய்ச் சடையப்பனிடம் மன்னிப்புக் கேட்டு, நசுங்கிப்போன குழாயை வாங்கி வந்தார்.

"தொழில் பண்ற எடத்துல வம்பு வேணாம். இனிமே அந்த ஊருப் பக்கம் வண்டி போவக் கூடாது" என்று சாராளிடம் சொன்னார்.

"வண்டியத்தான நிறுத்துவான்? நிறுத்தட்டும்" என்றாள் அவள். என்ன மனத்தில் வைத்துச் சொன்னாள் என்று அத்தாவுக்கு அப்போது விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்த வருடம் திருக்கழுக்குன்றம் சித்திரைத் திருவிழா. காணாமல் போகும் குழந்தைகளுக்காகத் தேரடியில் அத்தா குழாய் கட்டியிருந்தார். அந்தக் கூச்சலில் மற்றவர்கள் மைக்கைப் பிடித்தால் தொண்டை கிழியக் கத்துவார்கள். சாராள் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருப்பாள். குழாய் திடீரென்று ஊமையாவதைக் கேட்டு ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது மெதுவாகச் சொல்லுவாள்: "பச்சைப் பாவாடை, காதுல சிகப்புத் தோடு, அஞ்சு வயசு. பேரு கேட்டா அம்மான்னு சொல்லுது. அம்மா எங்க இருந்தாலும் தேரடிக்கு வரணும்." அன்று பதினோரு குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள்.

திருவிழாவை ஒலிப்பதிவு செய்யச் சென்னையிலிருந்து வானொலி நிலையத்தார் வந்திருந்தார்கள். கிராம நிகழ்ச்சியைக் கவனிக்கிற ஆபிரகாம் என்பவர் மேடைக்கு வந்து, "நடுவுல நிறுத்துறியே, அத யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"பறைதாங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் குரல் சோதனைக்கு வரச் சொன்னார். போனாள், தேறினாள். தினம் மாலை ஆறரைக்கு வருகிற கிராம நிகழ்ச்சியில், முதலில் வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை. எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போயிற்று, பெயர் வரும் வரை.

"இந்த நிகழ்ச்சியில பேசுறவங்களுக்கெல்லாம் ஒரு கிராமத்துப் பேரு வெச்சிருக்கோம். நீ பொன்னி" என்றார் ஆபிரகாம்.

"சாராள்ங்கறது கிராமத்துப் பேரு இல்லீங்களா? எங்க சேரியில மட்டும் மூணு சாராள் கீறாங்க."

"என் பேரு ஆபிரகாம். நானே அங்க முத்தண்ணன்தான். விதி அது, நான் போட்டதில்ல."

"சரிங்க" என்றாள் சாராள். அவள் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது. அதைச் சொல்லிவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை மட்டும் அவளே கண்டுபிடித்தாள்.

ஏனென்றால் அந்த ஆனி மாதம்தான் மேலக்கழனிக்குச் சர்க்கார் ஒரு ரேடியோ செட் கொடுத்திருந்தது. பஞ்சாயத்து அறைக்குள் செட். கூரைமேல் குழாய். குழாயின் வாய் மேலத்தெருவைப் பார்த்து இருந்தது. சாயங்காலம் ஆறரைக்குச் செட்டைப் போட்டு, ஏழரைக்கு நிறுத்தச் சுப்பிரமணி என்று ஒரு ஆளும் இருந்தான். எல்லைக்கல்லில் குதிரையை நிறுத்தலாம். ஆகாயத்தில் வருவதை எந்தக் கல்லில் நிறுத்துவது?

அப்பாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "வெள்ளிக்கிழமை ஆறரைக்குப் பேசறேன். திருவிடந்தை டீக்கடையில கேக்க வேணாம், நைனா. கல்லாண்ட போயி கேளு."

தேவசகாயம் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சேரியில் இருந்த தங்கைக்குச் செய்தி அனுப்பினார். தங்கை அதை நாலு பேருக்குச் சொன்னாள். தண்டோராக் குடும்பம் அல்லவா, ஒரு விஷயம் வாயில் நிற்காது. சடையப்பனுக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை காலை அவர் பஞ்சாயத்து அறையைப் பூட்டினார். சுப்பிரமணியிடம், "இன்னிக்கி செட்டு கெட்டுப் போச்சி. தெரியுதா?" என்றார். சாவியை வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் வைத்தார். செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு நில வழக்கில் அன்று வாய்தா. பதினோரு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தேவசகாயம் விடியும் முன்பே திருவிடந்தையிலிருந்து கிளம்பினார். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லைக்கல் அருகே வந்து நின்றார். இரண்டரை வருடம் கழித்து அந்த இடத்தில் நிற்கிறார். கையில் பறை இல்லை, ஊன்றிக்கொண்டு வந்த சவுக்குக் கழிதான் இருந்தது. சேரியிலிருந்து ஐம்பது அறுபது பேர் அவர் பின்னால் வந்து நின்றார்கள். பஞ்சாயத்து அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. மேலத்தெரு முழுக்கக் கதவைச் சாத்தியிருந்தது.

"போலாம் மாமா, இன்னா நிக்கிற? அவன் பூட்டிக்கினு பூட்டான்" என்றான் ஒருவன்.

"ஆறரை ஆவட்டும்" என்றார் தேவசகாயம்.

மங்கலில் யாரோ பஞ்சாயத்து அறையின் பின்பக்கமாகப் போனதாக ஒரு கிழவி சொன்னாள். யாரும் நம்பவில்லை. அப்போது கூரைமேல் குழாய் கரகரவென்றது.

சென்னையில் சாராள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பேசவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஆபிரகாம் இரண்டு கையையும் ஆட்டினார். மூன்று அடி விழுகிற நேரமும் ஒரு மூச்சு நேரமும் சேர்த்து, நிலையத்திலிருந்து வெறும் அமைதிதான் ஊரெல்லாம் போயிற்று. பிறகு அவள் கையில் இருந்த தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

"இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இது கிராம நிகழ்ச்சி. பேசுகிறவள் மேலக்கழனி தேவசகாயம் மகள் சாராள்."

அதன் பிறகு தாளில் உள்ளதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். நெல் நாற்றுக்கு மருந்து அடிப்பது பற்றி.

மேலத்தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தேவசகாயம் கழியைத் தூக்கி எல்லைக்கல்மேல் மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் கழி முறிந்துவிட்டது. அதைப் பழக்க தோஷம் என்று அவர் சொல்லவில்லை.

அதே நேரம் செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே காப்பி கிளப்பில் சடையப்பன் உட்கார்ந்திருந்தார். வாய்தா தள்ளிப்போன எரிச்சல். என் அத்தாவும் பக்கத்து மேசையில் இருந்தார். கிளப்புக்காரர் ரேடியோ வைத்திருந்தார். மேலக்கழனி என்ற பெயர் கேட்டதும் கிளப்புக்காரர் சடையப்பனைப் பார்த்து, "இன்னாங்க, உங்க ஊருப் பொண்ணா? கொரல் சும்மா கணீர்னு கீதே! ஊருக்குப் பெருமைதான்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். சடையப்பன் டவராவைக் கீழே வைத்தார்.

"ஆமாமா" என்றார்.

"நம்ம நாட்டாமைதான் அந்தக் கொரல மொதல்ல பழக்குனவரு" என்று அத்தா எடுத்துக் கொடுத்தார். சடையப்பன் காப்பியை முடிக்காமல் எழுந்து போனார். இதைச் சொல்லும்போது அத்தா இப்போதும் தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தன் தெருவிலேயே அந்தக் குரல் கேட்டது சடையப்பனுக்குத் தெரிந்தது. பூட்டு உடையவில்லை. ஓடு பிரியவில்லை. கள்ளச்சாவி போட்டது சுப்பிரமணிதான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து விரட்டினார். அவன் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தான்.

"சத்தியமா நான் போடல பாய். அன்னிக்கி நான் எங்க அக்கா வூட்ல படுத்துகினு இருந்தேன்" என்று முதல் வருடம் முழுக்க அழாத குறையாகச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அவன் பயத்தில் மறைக்கிறான் என்றே நினைத்தார்கள். சாராள் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது வேட்டிக்குப் பிறகு அவன் மறுப்பதை நிறுத்தினான். நான்காவது வேட்டிக்கு, டீக்கடையில் சாவியை எப்படிச் சோப்புக்கட்டியில் அச்செடுத்தான் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

நிலையத்தில் சாராளுக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. கொடுத்த பெயரை ஏன் சொல்லவில்லை? ஏன் அமைதி காத்தாய்? அவள் எழுதிய பதிலை ஆபிரகாம் தன் மேசையில் வெகுநாள் வைத்திருந்தாராம். "பேர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பதற்கு முன்பே சொன்னது என் அவசரம். மன்னிப்புக் கேட்கும்படி இதில் ஒன்றும் இல்லை." மூன்று மாதம் அவளை மைக் பக்கம் விடவில்லை. அவள் செங்கல்பட்டுக்கு வந்து மறுபடி ஜட்காவில் ஏறினாள். இதற்கிடையில் நிலையத்துக்குக் கார்டுகள் வரத் தொடங்கின. மதுராந்தகத்திலிருந்து, உத்திரமேரூரிலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: அந்தச் சாராள் எங்கே? பொன்னி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க முடியாது, பொன்னி பிறக்கவே இல்லையே. நாலாவது மாதம் ஆபிரகாமே வந்து அவளை அழைத்துப் போனார். சாராள் என்றே சொல்லிக்கொள்ளலாம், ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

"அது ஒரு தடவ போனா போதும். போயிடுச்சி" என்றாள்.

பிறகு வாரத்தில் ஒரு நாள் ஆறு நாளாயிற்று. படங்களுக்கும் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். கதாநாயகிக்கு இல்லை. கொட்டகையில் படத்துக்கு முன்னால் காட்டுகிற சர்க்கார் செய்திப் படங்களுக்கு. கொசு ஒழிப்பு, தபால் சேமிப்பு, முதியோர் பள்ளி. 1956-இல் பொதுக் கிணறுகளைப் பற்றி ஒன்று. "இந்தக் கிணறு எல்லோருக்கும் சொந்தம். தடுப்பது குற்றம்" என்று அதில் சொல்லுகிறாள். மேலக்கழனிக்குப் பக்கத்தில் கூடாரக் கொட்டகை போட்டபோது, ஒரு மாதம் தினம் இரண்டு ஆட்டம் அந்தப் படத்தைக் காட்டினார்கள். அவள் சொல்ல மறுத்த தண்டோராவுக்குப் பதில் தண்டோரா. அதையும் சடையப்பனால் பூட்ட முடியவில்லை.

நான் திரும்பி வந்தது 1959 மார்ச்சில். வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாராள் எங்கள் கடைக்கு வருவாள். சென்னையிலிருந்து ரயிலில் வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, அப்பாவைப் பார்க்கத் திருவிடந்தைக்குப் போவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்: "கல்யாணம் பண்ணிக்கப் போறதில்லையா?"

"ஒருத்தன் வந்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ரேடியோ வேணாம்னான். வந்த வழியே அனுப்பிட்டேன். நீ எப்ப கப்பல் ஏறப் போற, சுராயா?"

"எனக்கே தெரியல."

"ஏறு. ஆனா எங்க போனாலும் ரேடியோவத் தொறந்து வை. கெழவி ஆனாலும் நான் பேசிகினுதான் இருப்பேன். தொண்ட கெட்டா கைய தட்டியாச்சும் சொல்லுவேன்."

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். சுப்பிரமணி தரையில் ஒரு குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, புதிதாக வந்த வயர்மேனுக்குச் சோப்புக்கட்டிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தின நாள் தபாலில் வந்த ஒரு கார்டை அத்தா எடுத்து நீட்டினார். "ரேடியோ சாராள், மைக் செட் கடை, செங்கல்பட்டு" என்று விலாசம். பென்சில் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோடு போட்டு உட்கார வைத்ததுபோல் பெரிதாக இருந்தது. சாராள் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"நீ படி. எனக்கு வந்தத வேற யாராச்சும் படிச்சி ஒரு தடவையாவது கேக்கறேன்."

படித்தேன்.

"சாராளுக்கு. நான் மேலக்கழனி நாட்டாமை வூட்டுக்காரி. எழுதப் படிக்க இப்பதான் என் மவ நோட்டப் பாத்து கத்துக்கினேன். அதான் இத்தினி நாளாச்சி. அன்னிக்கி செட்டப் போட்டது நான். சாவி எங்க வூட்டு ஆணியிலதான் தொங்கிகினு இருந்தது. சுப்பிரமணிக்கு வேல போச்சி, நான் வாயத் தொறக்கல, அது என் தப்பு, அவன்கிட்ட சொல்லு. நீ ஊர வுட்டுப் போன அன்னிக்கி வாசல்ல சிரிச்சதும் நான். இந்த வூட்டுக்கு வந்து இருபத்திரெண்டு வருசத்துல என் பேர இங்க ஒருத்தரும் கூப்புட்டதில்ல. நீ உன் பேர சொன்னப்ப செட்டாண்ட நின்னு நானும் என் பேர ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். புதுக் கெணத்துல இப்ப எல்லாரும் தண்ணி எடுக்கறாங்க, அவரு மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு. நீ பதில் போட்டா மொதல்ல அவரு கையிலதான் கெடைக்கும். போடு. படிக்கட்டும். இப்படிக்கு, காசியம்மாள்."